மூன்று வரிச் சீட்டு

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன். ஒரே பக்கம், அரை மணி நேர வேலை. படித்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் இருந்தது பொய். அதனால்தான் மறுபடியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை பாராட்டு வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. சரி, நம்பாதீர்கள், ஆனால் படியுங்கள்.

நான் பெரிய எழுத்தாளன் எல்லாம் இல்லை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடித்துத் தருவேன். எங்கள் கிறிஸ்தவ சபைக்கு மாதம் ஒரு முறை நாலு பக்கச் செய்தித்தாள் வரும். அதை எழுதுவது, அடிப்பது, வாட்ஸாப்பில் போடுவது எல்லாம் நான்தான். கதை அங்கேதான் கெட்டது. ஆனால் கதை என்னைப் பற்றியது அல்ல, ஹெப்சிபா என்கிற டீச்சரைப் பற்றியது. அப்படித்தான் இப்போதைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது: பீங்கான் தூசி படிந்த அந்த ஊருக்கு ஒரு வெள்ளைப் புறாவைப்போல வந்து இறங்கினாள் ஹெப்சிபா, அவள் கண்களில் —

புறாவாவது மண்ணாவது. தூத்துக்குடி ஜில்லா ஏரல் பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் பாயும் சுமந்துகொண்டு ரயிலில் வந்தாள். ஜங்ஷனில் ஆட்டோக்காரனிடம் பேரம் பேசத் தெரியாமல் முழித்தாள்.

இரண்டாவது: இருபத்துநாலு வயது ஹெப்சிபாவுக்கு இந்த உலகில் யாரும் —

இருக்கிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் வரும். 'மீன் கிடைக்கா அங்க?' என்று அம்மா கேட்காத நாள் இல்லை.

மூன்றாவது: தன் வகுப்புப் பிள்ளைகள் தன்னோடு பேசவேண்டும் என்று ஹெப்சிபா ஆசைப்பட்டாள்.

இது நிற்கும். இதை அடிக்க மனசு வரவில்லை.

2

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. அவள் அறிவியல் டீச்சர், வகுப்பு டீச்சரும் அவளே. ஜூன் மாதம் முதல் நாள், சத்தம் போட்ட பிள்ளைகளைப் பார்த்து, "ஏ பிள்ளைகளா, சத்தம் காட்டாதிய" என்றாள். அவ்வளவுதான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கார்முகில் என்று ஒரு பையன், நல்ல குரல் அவனுக்கு, மறுநாளே "சத்தம் காட்டாதிய" என்று அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். அவளும் சிரித்தாள். இடைவேளையில் டீச்சர்கள் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.*

*குழாயைத் திறந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவளே சொன்னாள். இந்தக் கதையில் அவள் சொல்லாத எதையும் அவள் தலைக்குள் நான் வைக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். முதல் தடவை எழுதும்போது அப்படி எந்த விதியும் இல்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்த நடிகர்களின் பெயர்களை மனப்பாடம் செய்தாள். கேரம் ஆடினாள். "வூடு", "என்னா", "வந்துக்கினு" எல்லாம் பேசிப் பார்த்தாள். அவள் வாயில் அது இன்னும் சிரிப்பாக இருந்தது. அவளுக்குப் பொறுக்காதது வேறொன்று. கணக்கு டீச்சர் பூர்ணிமா பிரம்பும் கையுமாக நடப்பாள். அந்த பூர்ணிமாவைத்தான் பிள்ளைகள் வராந்தாவில் சூழ்ந்துகொண்டு, வீட்டில் ஆடு குட்டி போட்டது வரைக்கும் சொல்வார்கள். ஹெப்சிபாவைக் கண்டால் "குட் மார்னிங் மிஸ்" என்று ஒதுங்கி வழிவிடுவார்கள்.

"எப்படி மிஸ் உங்ககிட்ட மட்டும் பேசுதுங்க?" என்று பூர்ணிமாவிடம் கேட்டே விட்டாள்.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டன், அதான்" என்றாள் பூர்ணிமா, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே. "நீங்க பாக்குற பார்வையே பயமா இருக்குது மிஸ். வாயத் தொறக்க மாட்டாங்களான்னு பாத்துக்கினே இருக்கீங்க. புள்ளைங்க ஓடாம என்னா பண்ணும்?"

ஹெப்சிபாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அது உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

3

ஜூலை கடைசியில் ஒரு செருப்புப் பெட்டிக்குப் பளபளக்கும் காகிதம் ஒட்டி, மேலே வாய் வெட்டி, வகுப்பு அலமாரியின் மேல் வைத்தாள். "மனசுல உள்ளத எழுதிப் போடுங்க. பேரு எழுத வேண்டாம். நான் மட்டுந்தான் படிப்பேன், சத்தியமா" என்றாள். அவளும் எங்கள் சபைதான், எங்கள் ஆட்கள் சத்தியம் செய்யக்கூடாது. அவள் ஆசையில் செய்துவிட்டாள்.

முதல் வாரம் வந்த சீட்டுகள்: 'மிஸ் உங்க பச்சைப் புடவை சூப்பர்.' 'பாரி என் பேனாவ எடுத்துக்கினான்.' 'வீட்டுப்பாடம் கம்மி பண்ணுங்க.' 'சத்தம் காட்டாதிய.' எல்லாவற்றையும் பத்திரமாக ஒரு கவரில் போட்டு வைத்தாள். 'சத்தம் காட்டாதிய'வையும்தான்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை இது வந்தது:

பிஸ்கட்டு ஒடச்சிட்டன்.
அப்பா அடிச்சிட்டாரு.
அழுதுக்கினே தூங்கிட்டன்.

மூன்று வரி. பென்சிலில் எழுதியது. ஹெப்சிபா அதை நின்றபடியே நாலைந்து தடவை படித்தாள். ஒரு பிஸ்கட்டை உடைத்ததற்கா ஒரு பிள்ளையை அடிப்பார்கள்? எந்த வீட்டில் இப்படி நடக்கிறது? அவளுக்குத் தாங்கவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல அவள் மிகவும் கூச்சப்பட்டாள். சந்தோஷம். கடைசியில் ஒரு பிள்ளை தன்னிடம் சொல்லிவிட்டது என்கிற சந்தோஷம்.

பேர் வேண்டாம் என்று சொன்னவள், அறிவியல் நோட்டுகளை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டாள். ட் மேலே புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம் போடுகிற பெண் ஒருத்திதான் இருந்தாள். மூன்றாம் பெஞ்சு மதிவதனி. வாயே திறக்காத பெண். [இங்கே ஒன்றரை வரி அடிக்கப்பட்டிருக்கிறது.]

மறுநாள் இடைவேளையில் ஆய்வகத்துக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தாள்.

"எனக்கு எதுக்கு மிஸ்?"

"வச்சுக்கோம்மா. யாருக்கும் பயப்பட வேண்டாம். ஒடைஞ்சா என்ன? ஒடைஞ்ச பிஸ்கட்டையும் சாப்பிடலாந்தான?"

மதிவதனி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அத எப்பிடி மிஸ் சாப்புடறது?" என்றாள்.

ஐயோ, அந்தக் கேள்வி. ஹெப்சிபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடிக்குப் பயந்து தின்னவே மறந்துபோன பிள்ளை என்று எடுத்துக்கொண்டாள். "அது இல்ல மிஸ், அது வந்து…" என்று மதிவதனி ஆரம்பிக்கவும், மணி அடித்தது.

இந்த மணியை அடித்தது நான். அன்றைக்கு மணி அடித்ததா என்று ஹெப்சிபாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "மணி அடிக்கல அண்ணே. அவ சொல்ல வந்தா. நாந்தான் 'ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, எனக்குப் புரியுது'ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். அப்படியென்றால் மணியைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

4

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் சாட்சி சொல்வார்கள். வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது என்று எழுந்து சொல்லலாம். கஷ்டத்தையும் சொல்லி ஜெபிக்கக் கேட்கலாம். ஊர்வம்பைப் பேர் சொல்லாமல், பக்தியோடு பேசுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. சபைக்கு உள்ளே இருக்கிறவன் நான், எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

ஹெப்சிபா எழுந்தாள். "என் வகுப்புல ஒரு பிள்ளைக்காக ஜெபிக்கணும்" என்றாள். பேர் சொல்லவில்லை. அப்பா பீங்கான் கம்பெனியில் வேலை என்றாள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தாள், குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அடித்துவிட்டேன். தலைப்பு: 'ஒரு பிஸ்கட்டின் விலை'. அந்தச் சாதனையிலிருந்து ஒரு துளி:

'அப்பா, பசிக்கிறதே என்று அந்தப் பிஞ்சு உதடுகள் துடித்தன. பீங்கானைப் பிசையும் கைகளுக்குத் தன் ஒரே மகளின் கன்னம் களிமண்ணாகவா தெரிந்தது? கீழே சிதறிய அரைத் துண்டு பிஸ்கட்டை அவள்…'

போதும். கையெல்லாம் கூசுகிறது. சபை குரூப்பில் போட்டேன். அங்கிருந்து அது எங்கே எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. திட்டக்குடியிலிருந்து ஒருத்தர் எனக்கே திருப்பி அனுப்பி, 'அவசியம் படியுங்கள்' என்று எழுதியிருந்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பெண்கள் ஐக்கியத் தலைவி அன்புக்கரசி அக்கா சும்மா இருக்கிறவர் இல்லை. "அழுதா ஆச்சா? போய்ப் பாக்கணும்ல" என்று ஒரு பெட்டி நிறைய பிஸ்கட் வாங்கிவிட்டார். வீட்டைக் காட்டச் சொல்லி ஹெப்சிபாவைக் கூப்பிட்டார். ஹெப்சிபா ஒரு நிமிஷம் தயங்கினாள். சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது. ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போகலாம், அவள் அம்மாவோடு பேசலாம், மதிவதனி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்கிற நினைப்பு முந்திக்கொண்டது. போனாள்.

5

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. வீட்டு வாசலில் ஒரு பழைய புடவையை விரித்து, அதன் மேல் விரல் உயரப் பிள்ளையார் பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சதுர்த்திக்குப் போகிற சரக்கு, துடைத்துக் கொடுக்கக் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்தது. எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. மதிவதனியின் அப்பா கோவிந்தராசு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்றதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மிஸ், வாங்க. அம்சவல்லி, ஸ்கூலு மிஸ்ஸு வந்திருக்காங்க பாரு, டீ போடு." [இங்கே வீட்டைப் பற்றி இருந்த இரண்டு வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன.]

அன்புக்கரசி அக்கா பெட்டியை வாசலில் இறக்கினார். "புள்ள பிஸ்கட்டுக்கு ஏங்கக் கூடாது தம்பி. பெத்த புள்ளய அதுக்குப் போயா அடிப்பாங்க? நாங்க ஜெபிக்கிறோம், ஆண்டவர் உங்க மனச மாத்துவாரு."

எதிர் வீட்டு வீரம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னா கோவிந்தராசு, பொட்டி பொட்டியா வருது? கோயிலு மாறிட்டியா?" என்று சிரித்தாள்.

கோவிந்தராசு பெட்டியைப் பார்த்தார். ஹெப்சிபாவைப் பார்த்தார். வாசற்படியில் வந்து நின்ற மகளைப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. கீழே குனிந்து ஒரு பிள்ளையாரை எடுத்து ஹெப்சிபாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதாங்க மிஸ் பிஸ்கட்டு."

"என்னது?"

"ஒரு வாட்டி சூளையில சுட்டு எடுத்தா அதுக்குப் பேரு பிஸ்கட்டு. பளபளப்பு இருக்காது, தட்டினா ஒடைஞ்சிடும். கிளேஸ்ல, அதான் பளபளப்புப் பூச்சுல, முக்கி மறுபடியும் சுட்டாத்தான் சரக்கு. போன வாரம் புதன்கிழமை பாப்பா ஒரு பலக பிஸ்கட்ட கீழ வுட்டுடுச்சி. அத்தனையும் தூளு. கோவத்துல கை நீண்டுடுச்சி."

அன்புக்கரசி அக்கா பெட்டியை மறுபடி தூக்குவதா, விடுவதா என்று தெரியாமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஹெப்சிபாவின் கையில் கண் எழுதாத பிள்ளையார்.

"நேத்து டீக்கடையில ஒரு பையன் போன்ல காட்டுனான்" என்றார் கோவிந்தராசு. குரலை உயர்த்தவில்லை. "பசிச்ச புள்ளய பிஸ்கட்டுக்கு அடிச்ச அப்பன்னு போட்டிருந்துச்சி. நானும் படிச்சங்க. படிச்சிட்டு அந்த அப்பன மொதல்ல திட்டுனதே நாந்தான். 'இவனெல்லாம் மனுசனா'ன்னு கேட்டன். அது நானுன்னு எனக்கே தெரியாமப் போச்சி."

"ஐயா, நான்… மன்னிச்சிருங்க…"

"நான் அடிச்சது தப்பு. அத அன்னிக்கே எம்புள்ளகிட்ட சொல்லிட்டன். நீங்க ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களே மிஸ், நீங்க யாருகிட்ட போய்ச் சொல்லுவீங்க?"

அப்போதுதான் மதிவதனி வாயைத் திறந்தாள். ஜூன் மாதத்திலிருந்து ஹெப்சிபா கேட்கக் காத்திருந்த வாய். "பேரு எழுத வேணாம், நான் மட்டுந்தான் படிப்பன்னு சொன்னீங்களே மிஸ்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஹெப்சிபா திரும்பி வருகிற வழி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். எந்தத் தெரு, எந்தத் திருப்பம் ஒன்றும் அவளுக்கு ஞாபகமில்லை.

6

இதுவரை படித்த நீங்கள் ஹெப்சிபாவைப் பார்த்து 'அடப்பாவமே, வெளியூர்ப் பொண்ணு, சொல் தெரியாமல் மாட்டிக்கொண்டாளே' என்று நினைத்திருப்பீர்கள். நினைக்கவேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். எழுதுகிறவனுக்கு அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

என் அம்மா இருபது வருஷம் பீங்கான் கம்பெனியில் பிசிறு சுரண்டியவள். ஐந்து வயதில் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். "அங்க பிஸ்கட்டு அடுக்கியிருக்குது, கிட்ட போவாத" என்றாள். போகாமல் இருப்பேனா? ஒன்றை எடுத்துக் கடித்தேன். அந்தப் பல் இன்றைக்கும் ஞாபகத்தில் கூசும். கம்பெனியே சிரித்தது.

ஆகவே எனக்குத் தெரியும். சபையில் ஹெப்சிபா 'பிஸ்கட்டு ஒடச்சிட்டன்' என்று வாசித்தபோதே தெரியும். சபையில் முக்கால்வாசிப் பேர் ரயில்வே, ஆஸ்பத்திரி என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள். அந்தச் சொல் தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன்தான். எழுந்து 'தங்கச்சி, அது தின்கிற பிஸ்கட் இல்ல' என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பேனா ஓடிக்கொண்டிருந்தது, அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் கதை போய்விடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாத இதழில் நாலாம் பக்கம் அடியில் 'திருத்தம்' என்று போட்டேன். அதை யாரும் அழுதுகொண்டு ஃபார்வர்ட் செய்யவில்லை. கோவிந்தராசு வீட்டுத் தெருமுனை டீக்கடைவரை இரண்டு தடவை போனேன். டீ குடித்தேன், திரும்பிவிட்டேன். வெட்கங்கெட்டவன் என்று சொல்வார்கள். எனக்கு வெட்கம் இருந்தது, அதுதான் தொல்லை.

7

முடிவுகள்.

(அ) மதிவதனி ஓடி வந்து மிஸ்ஸைக் கட்டிக்கொள்கிறாள். — என் பழைய கை எழுதியது. அடித்துவிட்டேன்.

(ஆ) ஹெப்சிபா பக்கெட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு ஏரலுக்கே — போகவில்லை. போகலாமா என்று அம்மாவிடம் கேட்டாள், "செஞ்சத அங்கனயே சரிபண்ணிட்டு வா" என்று அம்மா போனை வைத்துவிட்டாளாம்.

(இ) நடந்தது. திங்கட்கிழமை வகுப்புக்குள் போனாள். கரும்பலகையில் பெரிதாக 'பிஸ்கட்' என்று எழுதியிருந்தது. பெட்டி நிறைய சீட்டுகள், எல்லாவற்றிலும் அதே ஒரு சொல். ஒன்றாவது வேறாக இருக்காதா என்று அத்தனையையும் பிரித்துப் பார்த்தாள், இல்லை. பிறகு வகுப்பின் முன்னால் நின்று, "நான் உங்ககிட்ட பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன் பிள்ளைகளா. உங்கள்ல ஒருத்தர் சொன்னத வெளிய சொல்லிட்டேன். அத நான் செஞ்சிருக்கக் கூடாது" என்றாள். அவள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. கார்முகில் எழுந்து வந்து பலகையை அழித்தான். மதிவதனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகைப் பதிவில் "உள்ளேன் மிஸ்" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெட்டியில் ஒரு சீட்டும் விழவில்லை. ஹெப்சிபா பெட்டியை எடுத்துவிடவும் இல்லை.

இதுவரைக்கும் எழுதி ஹெப்சிபாவிடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு அண்ணே? அவ படிக்கட்டும். அவ வேண்டாம்னா கிழிச்சிருங்க" என்றாள். மதிவதனியிடம் கொடுத்து, "இஷ்டம் இல்லன்னா திருப்பிக் கொடுக்காத" என்று மட்டும் சொன்னாளாம். நாலு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள், காலியாகக் கிடந்த பெட்டிக்குள் இந்தத் தாள்கள் மடித்துப் போடப்பட்டிருந்தன. எதற்காகப் போட்டாள், மன்னித்தா, சனியன் ஒழியட்டும் என்றா, எனக்குத் தெரியாது. ஹெப்சிபாவுக்கும் தெரியாது. அவள் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

மேலே இரண்டு இடத்தில் அடித்திருப்பது மதிவதனி. நான் அவளுக்குப் பூங்கோதை என்று மாற்றுப் பெயர் வைத்திருந்தேன். எல்லா இடத்திலும் அடித்து 'மதிவதனி' என்று எழுதியிருந்தாள். 'பூங்கோதை பழைய காலத்துப் பேரு' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் பகுதியில், அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில், பென்சிலில், ட் மேலே குட்டி வட்டத்தோடு இப்படி எழுதியிருந்தாள்: 'நாலாவது வரிய மறுபடியும் விட்டுட்டீங்க. ஏன்னு அப்பா கேக்க சொன்னாரு.'

ஆமாம். சீட்டில் மூன்று வரி இல்லை. நான்கு. ஹெப்சிபா சபையில் நான்கையும்தான் வாசித்தாள். நாலாவது வரி, 'அப்பாவும் அழுதாரு.' அடிக்கிற அப்பன் அழுதுவிட்டால் முதல் கதை நிற்காது என்று அன்றைக்கு விட்டேன். விட்டதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, உண்மையெல்லாம் சொல்கிறேன் என்று உட்கார்ந்த இந்தக் கதையிலும் விட்டேன். தலைப்பிலேகூட மூன்று என்று போட்டேன். அதை நான் மாற்றப்போவதில்லை. என் பிழை என் பேருக்குக் கீழே அப்படியே கிடக்கட்டும்.

முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் ஒரு வேலை மட்டும் இருக்கிறது. ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், 'அழுதுக்கினே தூங்கிட்டன்' என்பதற்குக் கீழே அந்த நாலாவது வரியை உங்கள் கையால் எழுதிச் சேருங்கள். நீங்கள் எழுதி முடிப்பதற்குள் நான் கடையைப் பூட்டிவிடுகிறேன். இன்றைக்கு டீக்கடையில் நிற்காமல் நேரே அந்த வாசலுக்குப் போகவேண்டும்.